கொல்லையில் நட்ட குழாய்

வண்டி கடிக்கிறது என்று முதலில் சொன்னவள் செங்கேணிதான்.

பசுவுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவள், காலில் ஏறிய முள்ளைப் பிடுங்குவதற்காக ஈரக் கையை வேனின் தகரத்தில் ஊன்றினாள். அடுத்த நொடி வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உள்ளே ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த மேரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். செங்கேணி சேற்றில் உட்கார்ந்தபடி, தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா ஆச்சு?”

“உங்க வண்டி கடிக்குது நர்சம்மா. நாயி கடிச்சா கல்லால அடிக்கலாம். இத இன்னா பண்றது?”

மேல் பலகையில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சுந்தரவரதன் முகத்தைத் திருப்பாமலே கேட்டான். “எது கடிக்கறதாம்?”

“வண்டிதான்” என்றாள் மேரி.

அவன் இறங்கி, பட்டாள பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு வெளியே போனான். மாட்டின் முதுகில் தட்டுவதுபோலத் தகரத்தை உள்ளங்கையால் அறைந்தான்.

“எங்கே? என்னைக் கடிக்கலையே.”

“உன்ன ஏன் சாமி கடிக்கும்? சோறு போடறவனக் கடிக்கற நாயி எங்கனா கீதா?”

“வேலைக்கு வளையாத உடம்பு. இப்ப வண்டி மேல பழி.”

செங்கேணி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குக் கூலி கொடுப்பவன் இவன் அல்ல, இவனுடைய அண்ணன் ஜெகந்நாதன். அதனால் இவன் ஏச்சு அவள்மேல் ஒட்டுவதில்லை.

கொல்லை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது என்று பத்திரம் சொன்னது. ஜெகந்நாதன் அப்படிச் சொல்லவில்லை. அப்பா போன செய்தி கேட்டு, மனைவியோடு சுந்தரவரதன் உத்திரமேரூர் வந்து இறங்கியபோது, அண்ணன் வாசற்படியில் குறுக்கே நின்றார். “நீ வரலாம். அவ வரப்படாது.” மேரி தென்னேரிப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்துப் பெண். கிறிஸ்தவள். பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இந்த மூன்றில் எதற்காகத் தன்னைத் தடுக்கிறார்கள் என்று அவள் யோசித்தது உண்டு. ஒன்று போதாதென்று மூன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

சுந்தரவரதன் அப்படியே திரும்பினான். வேனில் ஏறி, தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு வந்து, கொல்லைப் படலைத் திறந்து, தென்னைகளுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தி இன்ஜினை அணைத்தான். ஒன்றரை வருஷமாக அது அங்கேயே நிற்கிறது. சக்கரங்கள் பாதி மண்ணுக்குள் போய்விட்டன.

அது பழைய ஆம்புலன்ஸ். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவன், ஏலத்தில் எடுத்து, நோயாளிகள் படுக்கும் பலகைகளைப் படுக்கையாக்கி, மடக்கு மேஜை வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, விளக்கும் மாட்டினான். கல்யாணமான புதிதில் அதிலேயே ஊட்டி வரைக்கும் போனார்கள். மாமல்லபுரத்தில் சவுக்குத்தோப்பில் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடி தூங்கினார்கள். ஊர் ஊராகப் போவதற்கென்று செய்த வீடு இப்போது ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு உதவுகிறது. காஞ்சிபுரத்து வக்கீல் அப்படித்தான் சொல்லியிருந்தார். “அனுபோகத்துல இருங்கோ. நீங்க நகர்ந்தா அப்புறம் கேஸ் நகராது.”

பாதிக் கொல்லை கிடைத்ததும் அங்கே வீடு கட்டுவதாக மேரியிடம் சொல்லியிருந்தான். பின்சந்தைப் பார்த்து ஒரு வாசல். அவள் வாசல். அதற்காக அவள் ஒன்றரை வருஷமாகக் குனிந்தபடி சமைத்தாள், வாய்க்கால் வரைக்கும் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கிணறு பத்து அடி தூரத்தில் இருந்தது. அதில் அவள் கயிறு விடக்கூடாது.

வேனின் பேட்டரி நின்ற இடத்திலேயே செத்துப்போனது. வீட்டு மீட்டர் அப்பா பேரில் இருந்ததால் கரண்டு தரமாட்டேன் என்று ஜெகந்நாதனால் சொல்ல முடியவில்லை. பின்தாழ்வாரத்துப் பலகையில் இரண்டு முள் பிளக்கைச் சொருகி, அங்கிருந்து வேன் வரைக்கும் ஒயர் இழுத்தான் சுந்தரவரதன். வேனுக்குள் இருந்த பழைய ஒயர்களை மாற்றவில்லை. பல்பை மட்டும் மாற்றினான்.

“எல்லா விளக்குக்கும் ஒத்த ஒயர்தானே போவுது?” என்று மேரி அப்போதே கேட்டாள். “ஆஸ்பத்திரில ரெண்டு ரெண்டா இல்ல போவும்?”

“அது கட்டடம். இது வண்டி. வண்டிக்கு ஒரு ஒயர் போதும். இன்னொரு ஒயர் வண்டியோட உடம்புதான். போறது ஒயர்ல, திரும்பறது தகரத்துல. உலகத்துல எல்லா வண்டியும் அப்படித்தான்.”

அவன் கை பட்ட எந்த வண்டியும் அதுவரை ஓடாமல் இருந்ததில்லை. விளக்கும் எரிந்தது.

எரிந்ததே தவிர, காலையில் எரியவில்லை. ஜெகந்நாதனின் மனைவி சுந்தரவல்லி குளித்து மடி உடுத்தித் தளிகை பண்ணச் சமையலறைக்குள் போகும் முன், உலர்ந்த சவுக்குக் குச்சியால் ஒயரை மாட்டி இழுத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். பெருமாளுக்கு அமுது காட்டி, சாப்பாடு முடிந்து, மடியை அவிழ்த்த பிறகு கையால் எடுத்துத் திரும்பச் சொருகுவாள். நடுவில் மேரிக்கு விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை.

இதைப் பற்றி அண்ணனும் தம்பியும் ஒரே ஒரு முறை பேசிக்கொண்டார்கள். நேராக அல்ல. அப்பா போனதிலிருந்து அவர்கள் நேராகப் பேசுவதில்லை. இரண்டு பேரும் கொல்லையில் பத்தடித் தூரத்தில் நிற்க, நடுவில் செங்கேணி சாணி தட்டிக்கொண்டிருந்தாள்.

“செங்கேணி, ஏன் ஒயரைப் பிடுங்கறான்னு கேளு” என்றான் சுந்தரவரதன்.

“சின்ன சாமி கேக்குது, ஒயர இன்னாத்துக்குப் புடுங்குறீங்கன்னு.”

“தீட்டு வரும்னு சொல்லு.”

“தீட்டு வருதாம்.”

“ஒயர்ல எப்படித் தீட்டு வரும்? கேளு.”

செங்கேணி இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வறட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“ஒயருக்கு மேல என்ன சுத்தியிருக்கு? நூல். நூல்ல தீட்டு வரும்” என்றார் ஜெகந்நாதன். “அந்தக் கோடியில தொட்டா இந்தக் கோடியில தொட்ட மாதிரி. பட்டு சுத்தின ஒயரா இருந்தா வாங்கிண்டு வரச் சொல்லு. பட்டுக்குத் தோஷமில்லை.”

“பட்டு ஒயரு வாங்கியாரணுமாம் சாமி. ஒயருக்குக் கண்ணாலம் போல கீது.”

சுந்தரவரதன் சிரிக்கவில்லை. ஜெகந்நாதனும் சிரிக்கவில்லை. மேரி மட்டும் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்கு அப்புறம் கொல்லையில் யாரும் சிரித்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

செங்கேணி கடிபட்ட அடுத்த வாரம் வேன் மேரியைக் கடித்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாய்க்காலில் இருந்து குடத்தோடு வந்து, இரும்புப் படியில் காலை வைக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். தோள் வரைக்கும் யாரோ உள்ளே கைவிட்டு நரம்பை முறுக்கியதுபோல் இருந்தது. குடம் உடைந்தது. மறுநாள் தொட்டபோது ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அப்புறம் ஒரு நாள் மறுபடியும்.

“உனக்கும் செங்கேணி வியாதி வந்துடுத்து” என்றான் அவன்.

ரப்பர் அடி வைத்த அந்தப் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்று மேரி அவனிடம் சொல்லவில்லை. அவனாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று காத்திருந்தாள். அது தெரிய ஒரு பெரிய மழை தேவைப்பட்டது. கூரைமேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டபோது, அவசரத்தில் வெறுங்காலோடு குதித்து, தகரத்தைப் பிடித்து ஏறப் போனவன் அலறினான். எழுந்து நின்றபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

“அவன்தான்” என்றான். “ஜெகந்நாதன்தான். அங்கே எதையோ மாத்தியிருக்கான்.”

“அவருக்கு அதெல்லாம் இன்னா தெரியும்?”

“நம்மளைக் கெளப்பணும். அதுக்கு எது வேணா தெரியும்.”

பட்டாளத்தில் ஜெனரேட்டர் லாரி நிற்கும் இடத்திலெல்லாம் மண்ணில் ஓர் இரும்பு முளையை அடித்து, லாரியோடு கம்பியால் சேர்த்திருப்பார்கள். அது அவனுக்கு நினைவு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பம்ப்செட் ரிப்பேர் செய்கிறவனிடம் ஆள் உயரத்துக்கு ஒரு குழாய் வாங்கி வந்தான். வேனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயை நிறுத்தி, சுற்றிலும் கரித்தூளும் கல்லுப்பும் கொட்டி மண்ணைத் தள்ளினான். பித்தளைக் கம்பி ஒன்றால் குழாயின் தலையையும் வேனின் அடிச்சட்டத்தையும் முறுக்கிக் கட்டினான். “தினம் ஒரு குடம் தண்ணி ஊத்து. ஈரம் காயப்படாது” என்றான் மேரியிடம்.

பெரிய வீட்டின் தளிகை ஜன்னல் கொல்லையைப் பார்த்து இருந்தது. அதன் வழியே சுந்தரவல்லி பார்த்தாள். பள்ளம். கரி. உப்பு. இரும்பு. தினமும் காலையில் வந்து தண்ணீர் ஊற்றுகிற தென்னேரிக்காரி.

“செய்வினை வெச்சிருக்கா” என்று அவள் தாழ்வாரத்தில் சொன்னது வேன் வரைக்கும் கேட்டது. கேட்கவேண்டும் என்றே சொன்னாள். “எங்காத்து மண்ணுல, எங்காத்து மாட்டுக்கு எதிர்ல. இதெல்லாம் அவா ஊர்ல பாடமே சொல்லித் தருவா போலிருக்கு.”

ஜெகந்நாதன் பார்த்தது வேறு. அவர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் குமாஸ்தா. மற்றவர்களின் நிலத்தை எல்லை எல்லையாக எழுதியே கண்ணாடி போட்டவர். நடுத்தென்னையிலிருந்து கிணற்று மேடை வரைக்கும் கண்ணால் ஒரு கோடு இழுத்தார். குழாய் அந்தக் கோட்டின்மேல் நின்றது.

“செங்கேணி, கேட்டியோ? வடக்கே எல்லைல சீனாக்காரனோட சண்டை நடக்கறது. நம்மாத்துப் பட்டாளத்துக்காரன் கொல்லைல எல்லைக்கல் நடறான்.”

செங்கேணி இந்த முறை இதை எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவனுக்குக் கேட்டுவிட்டது.

மறுநாள் மத்தியானம் சுந்தரவல்லி பிளக்கைச் சொருகியதும் பின்தாழ்வாரத்துப் பெட்டியில் ‘பட்’டென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரண்டு போயிற்று. ஜெகந்நாதன் ஃப்யூஸ் கட்டினார். அடுத்த நாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி ‘பட்’.

செங்கேணி அதைக் கொல்லையில் வந்து சொன்னாள். “பெரியம்மா அந்தக் கொக்கிய சொருகறப்போ சில நாளு பொட்டி வெடிக்குது. சில நாளு சும்மா கீது. அம்மா அழுவுது. மந்திரம்னு சொல்லுது.”

சுந்தரவரதன் சிகரெட்டைப் பற்றவைத்தான். அது பாதி எரியும்வரை இழுக்கவே இல்லை. மேரி அரிசி களைந்து முடித்தாள். உலை வைத்தாள். அவன் இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு விரல்களை நீட்டி, அவள் முகத்துக்கு நேரே காட்டினான்.

“இதுதான் பிளக். ரெண்டு முள். இப்படிச் சொருகினா திரும்பற கரண்டுதான் தகரத்துல. அதனால ஒண்ணுமில்லை.” மணிக்கட்டைப் புரட்டினான். “தலைகீழாச் சொருகினா வர்ற கரண்டு நேராத் தகரத்துக்கு வரும். வேன் முழுக்கக் கரண்டு. அவ தினம் பிடுங்கறாளே, திரும்பச் சொருகறப்போ எந்தப் பக்கம்னு அவளுக்கு என்ன தெரியும்?”

மேரி அந்த இரண்டு விரல்களையே பார்த்தாள். “அப்ப அவரு எதையும் மாத்தல.”

அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். “இப்ப குழாய் இருக்கு. தலைகீழாச் சொருகினா கரண்டு பூமிக்குப் போகும். அவா ஃப்யூஸ்தான் போகும். நமக்கு ஒண்ணும் ஆகாது.” சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அந்தத் தெளிவு அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ரெண்டாவது ஒயர் இழுத்துடுங்க. தகரத்துல சேராம.”

“இழுக்கலாம். ஒரு மணி நேர வேலை.”

“அப்ப இழுங்க.”

“எதுக்கு? அவ ஏன் பிடுங்கணும்? என் அப்பா மீட்டர். என் பாதி. பிடுங்காம இருந்தா யாருக்கும் ஒண்ணுமில்லை. நூல்ல தீட்டு வர்றதாம். வரட்டும். தினம் மத்தியானம் இருட்டுல உக்காந்து யோசிக்கட்டும்.”

“நீங்க போட்ட ஒயருதானே தப்பு?”

அவன் சிகரெட்டைத் தரையில் நசுக்கினான். “நீ யார் பக்கம்?”

உலை கொதித்தது. அவள் அரிசியைப் போட்டாள். தப்பு என்று அவன் சொல்லிவிட்டால், ஒன்றரை வருஷமாக அண்ணன்மேல் அடுக்கி வைத்ததில் அடிவரிசைச் செங்கல் ஒன்று உருவப்பட்டுவிடும். மீதி நிற்குமா என்று அவனுக்கே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மேரிக்கு அப்படித்தான் தோன்றியது. தனக்கும் அந்தச் சுவர் வேண்டியிருந்தது என்பதையும் அவள் மறைத்துக்கொள்ளவில்லை. பின்சந்தைப் பார்த்த வாசல் அந்தச் சுவரில்தான் வரவேண்டும்.

மழை இரண்டு நாள் விட்டுப் பிடித்தது. மூன்றாவது தடவை ஃப்யூஸ் போன மத்தியானம், செங்கேணி மாட்டுக்குத் தவிடு எடுத்துவந்தாள்.

“இனிமே வெடிக்காது நர்சம்மா. பெரிய சாமி துணி காயப்போடற கொடிக்கம்பில ஒரு துண்டு வெட்டி ஃப்யூஸு பொட்டிக்குள்ள வெச்சிச்சு. இத்தினி மொத்தம். ‘இப்ப வெடிக்கட்டும் பாக்கலாம்’னு சொல்லிச்சு.”

வேனின் படியில் உட்கார்ந்திருந்த சுந்தரவரதன் தகரத்தில் சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினான். பூட்ஸின் கயிற்றை இறுக்கினான்.

“பிளக்கு இப்ப சொருகியிருக்கா?” என்று செங்கேணியைக் கேட்டான்.

“இப்பத்தான் அம்மா சொருகிச்சு.”

அவன் எழுந்து சற்றுத் தள்ளி நடுத்தென்னையடியில் போய் நின்றான். உள்ளே இருந்த மேரியைப் பார்த்து, தணிந்த குரலில் சொன்னான். “தகரத்தைத் தொடாதே.”

இனி ஃப்யூஸ் போகாது, கரண்டு நிற்காமல் ஓடும்; அது அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. குழாயைச் சுற்றிக் காலையில் ஊற்றிய தண்ணீர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வற்றியிருந்தது. அதிலிருந்து லேசாக ஆவி எழுவதுபோல் இருந்தது. மழை நாளில் மண்ணிலிருந்து எழும் ஆவியாகவும் இருக்கலாம்.

ஜெகந்நாதன் பின்கட்டிலிருந்து வந்தார். இடுப்பில் வேட்டியை வரிந்து கட்டி, மேலே துண்டு. வெறுங்கால். செங்கேணியின் புருஷன் முனியனைக் கூப்பிட்டுக் குழாயைப் பிடுங்கச் சொன்னாராம். கரியும் உப்பும் புதைத்த இடத்தில் கை வைக்கமாட்டேன், பிள்ளைகுட்டிக்காரன் என்று அவன் மறுத்துவிட்டானாம். அதைச் செங்கேணியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“உன் ஆம்படையானுக்குப் பயம். எனக்கு என்ன பயம்? பெருமாள் இருக்கார். இன்னிக்கு இந்த எல்லைக்கல்லைப் பிடுங்கிச் சந்துல எறியறேன். எவன் கேக்கறான்னு பாப்போம்.”

சேற்றில் கால் ஊன்றிக் குழாய்க்கு முன்னால் நின்றார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். நடுவில் நாலைந்து அடி. ஒரு வார்த்தை போதும். தொடாதே அண்ணா. அல்லது வெறுமே, தொடாதே. அதைச் செங்கேணியிடம் சொல்லிக்கூட அனுப்பியிருக்கலாம். சொல்லவேண்டியவன் அவன்தான் என்று, மேரி வேன் வாசலில் நின்றபடி அவன் வாயையே பார்த்தாள். முதலில் பேசியவன் தோற்றவன் என்று இருவரும் இத்தனை நாள் காத்த மௌனம் அந்த வாயில் அப்படியே இருந்தது.

ஜெகந்நாதன் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தார். சட்டென்று ஒரு கையை உதறினார். “சுடறதே” என்றார். மறுபடி பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டி, மேலே இழுத்தார். ஊறிய மண். குழாய் அரை அடி எழும்பியது. இன்னும் இரண்டு மூன்று இழுப்பில் கரித்தூளைவிட்டு முழுசாக வெளியே வந்தது. பித்தளைக் கம்பி வேனை விடவில்லை; இதுவரை மண்ணுக்குப் போன கரண்டுக்கு இனி அவர் உடம்புதான் வழி.

அவர் கத்தவில்லை. உடம்பு குழாயோடு சேர்ந்து இன்னொரு குழாயானது. தாடை இறுகி, கழுத்து நரம்பு தெறித்து, கண் மட்டும் திறந்திருந்தது. அது தம்பியின்மேல் இருந்தது. கையை விட முடியாமல் நடுங்கினார்.

சுந்தரவரதன் நின்றான்.

எவ்வளவு நேரம் என்று மேரி அப்புறம் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். ஒருவன் திகைத்துப்போய் நிற்கும் நேரம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். திகைத்தவனின் கை தானாக எங்கேயாவது போகும், வாய்க்கோ தலைக்கோ. இவன் கைகள் இரண்டும் அசையாமல் தொங்கின.

“பிளக்கப் புடுங்குங்க!” என்று கத்தினாள் மேரி. தளிகை ஜன்னலில் சுந்தரவல்லியின் முகம் தெரிந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மந்திரம் தன் புருஷனைப் பிடித்துவிட்டது என்று மட்டும் புரிந்து அலறினாள்.

மேரி எதையும் தொடாமல் வேனிலிருந்து குதித்தாள். சேற்றில் முழங்கால் பட்டது. எழுந்து ஓடினாள். கிணற்று மேடையைத் தாண்டி, ஒன்றரை வருஷமாகத் தாண்டாத பின்படியைத் தாண்டி, தாழ்வாரத்துக்குள் போனாள்.

“ஏய், உள்ள வராதே! உள்ள வராதேடி!”

ஒயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பிளக் பிய்த்துக்கொண்டு வந்தது. கொல்லையில் தொப்பென்று ஒரு சத்தம்.

அவள் திரும்பி ஓடிவந்து குனிந்தபோது ஜெகந்நாதன் மல்லாந்து கிடந்தார். மூச்சு இருந்தது. நாடி எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கைகளில் குழாய் பிடித்த இடம் வெள்ளையாக வெந்து, ஓரம் கருகியிருந்தது. அவர் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் போனாள். ஓடிவந்த சுந்தரவல்லி அவள் தோளைத் தள்ளினாள்.

“தொடாதே. செஞ்சதெல்லாம் போதும். தொடாதே.”

மேரி எழுந்து வேனுக்குப் போய்த் தீப்புண் களிம்பு பாட்டிலை எடுத்துவந்து தரையில் வைத்தாள். சுந்தரவல்லி செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து அதன்மேல் தெளித்த பிறகு எடுத்துக்கொண்டாள்.

ஜெகந்நாதனுக்குப் பேச்சு வர நேரம் ஆயிற்று. வந்ததும் அவர் செங்கேணியைத் தேடவில்லை. தென்னையடியில் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்த தம்பியை நேராகப் பார்த்தார்.

“வரதா” என்றார். “பாத்துண்டு நின்னியா?”

சுந்தரவரதன் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தான்.

“நின்னே” என்றார் ஜெகந்நாதன். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு பத்திரத்தைப் படித்துச் சரிபார்த்ததுபோல் இருந்தது.

கேஸ் நடக்கவில்லை. வக்கீலுக்கே ஆச்சரியம். ஜெகந்நாதன் தானாகவே சொல்லி அனுப்பினார்: பாதிக் கொல்லையை எழுதித் தருகிறேன், கிணறும் பாதி, எல்லை அந்தக் குழாய் இருந்த இடமே இருக்கட்டும், ஒரே நிபந்தனை, அவன் இனி என் கண்ணில் படக்கூடாது, நடுவில் சுவர் எழுப்பவேண்டும். தான் வேலை பார்க்கும் ஆபீஸிலேயே பத்திரம் பதிவானது. வலது கையில் கட்டு இருந்ததால் அவர் கையெழுத்துப் போடவில்லை. இத்தனை வருஷம் எழுத்தறியாதவர்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியவர், இடது பெருவிரலை நீட்டினார். சின்ன குமாஸ்தா அதைப் பிடித்து உருட்டினானாம். தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். அவர் திரும்பவே இல்லை.

இதைச் சுந்தரவரதன்தான் வந்து சொன்னான். பத்திரத்தை மடக்கு மேஜையில் வைத்து, “கெடச்சுடுத்து” என்றான்.

மேரி அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

வீட்டிலிருந்து வந்த ஒயர் அன்றே அறுக்கப்பட்டிருந்தது. வேனில் இப்போது லாந்தர் விளக்குதான். மறுநாள் காலை அவன் பெஞ்சின்மேல் ஏறி, புதுச் சுருள் ஒயரைப் பிரித்து, ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டாவது ஒயர் இழுக்க ஆரம்பித்தான். தகரத்தில் முடுக்கியிருந்த பழைய முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

வெளியே கொத்தனார் குழாய் இருந்த இடத்தில் முளை அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பசு, இந்தப் பக்கம் வேன். செங்கேணி அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். நர்சம்மா என்று கூப்பிடவில்லை.

“இப்ப எதுக்கு இழுக்கறீங்க? கரண்டே இல்லையே” என்றாள் மேரி.

“நம்ம பேர்ல மீட்டர் வரும். அப்ப சரியா இருக்கணுமே.”

ஸ்க்ரூ ஒன்று உள்ளே போகப் போகக் கீச்சென்றது. அது நிற்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“அன்னைக்கு நான் ஓடலைன்னா, நீங்க எப்ப ஓடியிருப்பீங்க?”

அவன் அடுத்த ஸ்க்ரூவை எடுத்தான். அதைத் துளையில் வைத்தான். துளையில் உட்காரவில்லை. எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான். வெளியே கொத்தனார் கயிற்றைச் சுண்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

மேரி குடத்தை எடுத்துக்கொண்டாள். பாதிக் கிணறு அவர்களுடையதுதான். அவள் வாய்க்காலுக்கே கிளம்பினாள். வேன் வாசலில் வந்து, இரும்புப் படியையும் கைப்பிடியையும் பார்த்து, குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குதிக்கத் தயாரானாள்.

“கரண்டுதான் இல்லையே மேரி” என்றான் அவன். பெஞ்சிலிருந்து இறங்கி வந்து கையை நீட்டினான். “பிடிச்சுண்டு இறங்கேன்.”

அவள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. அவன் கையையும் பிடிக்கவில்லை. சேற்றில் குதித்து, தடுமாறி, நேராக நின்று, பின்சந்துப் படலைத் திறந்துகொண்டு போனாள்.